மூன்றாம் மாடிக்கு விட்ட கம்பிகள்

அலெக்ஸாந்திரியா
7 அக்டோபர் 1994

அன்புள்ள அண்ணனுக்கு,

பென்காஸியிலிருந்து ஓட்டுநர் ரகீப் நேற்று வந்தார். நீ கொடுத்தனுப்பிய தேயிலையும் அம்மாவுக்கான சால்வையும் பத்திரமாக வந்து சேர்ந்தன. அம்மா சால்வையை ஒருமுறை தோளில் போட்டுப் பார்த்துவிட்டு, "ஷஹாத்தா கல்யாணத்துக்குப் போத்திக்கிறேன்" என்று பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். அந்தப் பெட்டியில் உன் கல்யாணத்துக்காகக் காத்திருக்கும் சால்வைகளில் இது நான்காவது.

அப்பா காலையிலிருந்து மொட்டை மாடியில்தான் இருக்கிறார். நவம்பர் நடுவில் ஊரையே பெருக்கித் தள்ளும் துடைப்பப் புயல் அடிப்பதற்குள், மேல் மாடிக்காக விட்ட கம்பிகளுக்குச் சிமென்ட் பால் பூசி முடிக்க வேண்டுமாம். ஒன்பது தூண், தூணுக்கு ஆறு கம்பி. ஒவ்வொன்றையும் பழந்துணியால் துருப் போகத் துடைத்து, பிறகு தூரிகை. டிராமில் டிக்கெட் கிழித்த அதே பொறுமை. எங்கள் கட்டடக்கலை ஆசிரியர் ஒருவர், வீட்டுக்கு வீடு உச்சியில் நீட்டிக்கொண்டிருக்கும் இந்தக் கம்பிகளை "இந்த ஊர் சவரம் செய்துகொள்ளாத தாடி" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அப்பாவைப் பார்த்ததும் சிரித்த வாயை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நம் தெருவில் கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் அந்த வீட்டில் இன்னும் கல்யாணமாகாத மகன் இருக்கிறான் என்று அர்த்தம். அது என் ஆசிரியருக்குத் தெரியாது.

இந்தப் பருவத்துக்கு எனக்குக் கொடுத்திருக்கும் வேலை, நம் கால்வாய்க்கரை மக்களுக்கு ஒரு நூலகம் வரைவது. கூடப் படிக்கிறவர்கள் எல்லாரும் கண்ணாடிக் கூரையும் வளைவுமாக வரைந்து தள்ளுகிறார்கள். நான் இன்னும் ஒரு கோடு போடவில்லை. நாற்பது கேள்விகளை எழுதிக்கொண்டு வீடு வீடாகப் போகிறேன். மீன் விற்கும் நஈமா அத்தை என்ன சொன்னாள் தெரியுமா? "புஸ்தகமெல்லாம் நீ வச்சுக்க. வெளிய ஒரு நிழலும், கால நீட்டிக்க ஒரு திட்டும் போடு. மீன் வித்து முடிச்சுட்டு நான் எங்க உக்காருவேன்?" எழுதிக்கொண்டேன். என் வரைபலகைக்கு மேலே சுவரில் ஒரு வரி ஒட்டியிருக்கிறேன்: "வரைவதற்கு முன் கேள்." நானே யோசித்தது. சுவரும் கூரையும் யார் வேண்டுமானாலும் எழுப்பலாம், அண்ணா. அதற்குள் இருக்கப்போகிறவனைக் கேட்காமல் எழுப்பினால் அது கட்டடம் இல்லை, குவியல்.

அடுத்த மாதம் முதல் வெள்ளியன்று ரொட்டிக்கடை ஹாஜி தல்பா வருகிறாராம், உன் மாடி விஷயமாகப் பேச. அப்பா இப்போதே பதறுகிறார்.

உன் தம்பி
வஜீஹ்


பென்காஸி
22 அக்டோபர் 1994

மாண்புமிகு இன்ஜினியர் ஐயா அவர்களுக்கு, கம்பி கட்டும் ஷஹாத்தா எழுதிக்கொள்வது.

நாற்பது கேள்வியா? டேய், நம் தெருவில் ஒரு கேள்வி கேட்டாலே ஒன்பது வீட்டுக் கதை வரும். நீ படித்து முடிப்பதற்குள் கிழவனாகிவிடுவாய். ஆனால் நஈமா அத்தைக்குத் திட்டு போடு. அவளுக்கு முழங்கால் வலி.

இங்கே ஒரு பெரிய கட்டடம். எதற்கென்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கட்டுக்கம்பியை முறுக்கி முறுக்கி விரல் நுனி மரத்துப்போய்விட்டது. இந்தக் கடிதத்தை எழுதும் பேனா கையில் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஹாஜி வருகிற அன்று நீ வீட்டில் இரு. அப்பா பதற்றத்தில் உளறுவார். நீதான் பேசத் தெரிந்தவன். மார்ச்சில் ஷஹாத்தா வருகிறான், வந்த வாரமே தளம் போடுகிறோம் என்று சொல். ஹாஜியின் மகள் இன்ஸாஃபைப் பெண் கேட்டு ஆறு வருஷம் ஆகிறது. கீழ் இரண்டு மாடியிலும் வாடகைக்குக் குடியிருப்பவர்களைச் சட்டப்படி அசைக்க முடியாது, எனக்கென்று இருப்பது அந்த மூன்றாம் மாடி ஒன்றுதான் என்று அவருக்கும் தெரியும். மனிதர் பொறுத்துக்கொண்டே வந்திருக்கிறார். இனிமேலும் பொறு என்று சொல்ல எனக்கே வாய் வராது.

இன்னொன்று. சிரிக்காதே. என் மாடியை நீ வரைந்து கொடு. யாரும் எனக்காக எதையும் வரைந்ததில்லை. இரண்டு அறை, ஒரு கூடம் போதும். சமையலறை ஜன்னல் மட்டும் தெருப்பக்கம் இருக்க வேண்டும். இன்ஸாஃப் பிறந்ததிலிருந்து அப்பாவின் ரொட்டி அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் நின்றே வளர்ந்தவள். "எனக்கு வேற ஒண்ணும் வேணாம் ஷஹாத்தா, வெங்காயம் நறுக்கும்போது நாலு மனுஷங்க மூஞ்சி தெரியணும்" என்றாள். நீ நாற்பது கேள்வி கேட்டிருந்தாலும் அவள் இந்த ஒரு பதிலைத்தான் சொல்லியிருப்பாள்.

உன் முதல் வாடிக்கைக்காரன்
ஷஹாத்தா


அலெக்ஸாந்திரியா
8 நவம்பர் 1994

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இதைப் படித்து முடிக்கும்வரை கோபப்படாதே.

உன் மாடியை வரையத்தான் உட்கார்ந்தேன். ஆசையாக உட்கார்ந்தேன். வரையும்போது, மேலே இன்னொரு தளம் ஏறினால் கீழே என்ன ஆகும் என்று கணக்குப் போட வேண்டும் அல்லவா? தூண்கள் பரவாயில்லை. அஸ்திவாரம்தான். நம் தெரு முழுக்கக் கால்வாய்ச் சேறு. எல்லா வீட்டுக்கும் தூணுக்கு ஒரு குழி, குழிக்கு ஒரு காங்கிரீட் பாதம், அவ்வளவுதான். நம் வீட்டுக்கு எப்படி என்று அப்பாவைக் கேட்டேன். "எனக்கென்னடா தெரியும், நான் அன்னைக்கு டிராமுல இருந்தேன். மத்த வீட்டுல எப்படியோ நம்ம வீட்டுலயும் அப்படித்தான்" என்றார். அந்தப் பாதங்கள் தரைத்தளத்தையும் சேர்த்து இப்போது இருக்கிற மூன்று தளத்துக்கு மேல் தாங்காது. நான்கு முறை போட்டுப் பார்த்தேன். நான்கு முறையும் அதே விடை.

அதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. ஹாஜி வந்தார். நீ சொன்னபடியே மார்ச் என்று சொன்னேன். அவருக்குச் சந்தோஷம். தேநீரை உறிஞ்சிக்கொண்டே சாதாரணமாகத்தான் கேட்டார்.

"என்னப்பா இன்ஜினியர், என் பொண்ணு உக்காரப் போற மாடி. நீ பாத்தியா? தாங்குமா?"

அப்பா முந்திக்கொண்டார். "தாங்காம என்ன ஹாஜி, பாறை மாதிரி நிக்குது வீடு."

"உங்களக் கேக்கல பயூமி அண்ணே. படிச்ச புள்ளயக் கேக்குறேன்."

அண்ணா, நான் மூன்றாம் ஆண்டு மாணவன். கல்லூரிக்குப் போன முதல் நாளிலிருந்து இந்தத் தெரு என்னை இன்ஜினியர் என்றுதான் கூப்பிடுகிறது. நானும் ஒருநாள்கூட வேண்டாம் என்று சொன்னதில்லை. அந்த நேரத்தில் என் கண்முன் நின்றது போன குளிர்காலத்தில் கால்வாய்க்கு அந்தப் பக்கம் இடிந்த வீடுதான். அதற்கும் ஒரு மாடி கூடுதலாக ஏற்றினார்கள். ஒரு கல்யாணத்துக்காக ஏற்றினார்கள். பொய் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"தாங்காது மாமா" என்றேன்.

கதவுக்குப் பின்னால் அம்மாவின் தட்டில் கண்ணாடிக் குவளைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது. ஹாஜி எழுந்தார். "இன்ஜினியரே சொன்னதுக்கு அப்புறம் எனக்குப் பேச என்ன இருக்கு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. தேநீர் பாதி அப்படியே இருந்தது.

அப்பா அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. ஆனால் நீ புரிந்துகொள்வாய். ஒரு வீட்டை வரைகிறவனுக்கு முதல் கடமை அது உள்ளே இருப்பவர்கள் தலையில் விழக்கூடாது என்பது. உனக்கும் இன்ஸாஃபுக்கும் நல்லதைத்தான் செய்தேன். வேறு எங்காவது ஒரு வீடு பார்ப்போம்.

உன் தம்பி
வஜீஹ்


பென்காஸி
26 நவம்பர் 1994

வஜீஹ்,

வேறு எங்காவது ஒரு வீடு பார்ப்போம் என்று எவ்வளவு சுலபமாக எழுதியிருக்கிறாய். பதினோரு வருஷம் அந்நிய ஊரில் பிறத்தியார் வீட்டுக்குக் கம்பி கட்டினவனிடம்.

நாற்பது வீட்டுக்குப் போய் நாற்பது கேள்வி கேட்டாய். என்னிடம் ஒன்று கேட்டாயா? அப்பாவைக் கேட்டாய். அவர் டிராமில் இருந்தார். அந்த வீட்டுக்குக் கம்பி கட்டினது யார்? நான். நானும் மேஸ்திரி ஃபஹீமும். அவர் செத்துப்போய்விட்டார். நான் சாகவில்லை.

கேட்டுக்கொள். எனக்கு அப்போது பதினேழு வயசு. குழி தோண்டியதும் மேஸ்திரி மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்தார். "இது மண்ணு இல்லடா, கஞ்சி. இதுல தனித்தனியா கால் வச்சா ஒரு பக்கம் உக்காந்துரும்" என்றார். அப்பாவிடம் சொன்னால் வேண்டாம் என்பார். அவரால் முடிந்தது அவ்வளவுதான். அதனால் அவரிடம் சொல்லவில்லை. தனித்தனிப் பாதத்துக்குப் பதிலாக வீட்டின் அடி முழுக்க ஒரே பலகையாகக் காங்கிரீட் போட்டோம். கீழே ஒரு கம்பி வலை, மேலே ஒரு கம்பி வலை. கூடுதல் கம்பியை மேஸ்திரி கொடுத்தார். அதற்கு ஈடாக இரண்டு மாசம் அவரிடம் சும்மா உழைத்தேன். ஐந்து தளம் ஏற்றலாம் என்று சொல்லித்தான் போட்டார். மற்ற வீடு மாதிரி நம் வீடு இல்லை. இந்தத் தெருவிலேயே நம் வீடு ஒன்றுதான் அப்படி.

காங்கிரீட் கொட்டுகிற அன்று நீ விளிம்பில் நின்று வேடிக்கை பார்த்தாய். ஐந்து வயசு. உன் நீலப் பிளாஸ்டிக் செருப்பு ஒன்று உள்ளே விழுந்துவிட்டது. எடுக்க முடியவில்லை. நீ சாயங்காலம்வரை அழுதாய். நான் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கால்வாய்க்கரை முழுக்க நடந்தேன். அம்மாவைக் கேள், வேறு செருப்பு வாங்கினது ஞாபகம் இருக்கும். அந்த ஒற்றைச் செருப்பு இன்னும் நம் வீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது.

ஹாஜியின் கடைக்குப் போன் போட்டேன். எல்லாம் சொன்னேன். மனிதர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "நீ ஆசப்படுறவன், நீ சொல்லத்தான் செய்வ. உன் தம்பி வரட்டும். தாங்காதுன்னு சொன்ன அதே வாயால தாங்கும்னு சொல்லட்டும். எனக்கு அது போதும், வேற ஒரு காகிதமும் வேணாம்" என்றார். வேறு இடத்திலிருந்து பெண் கேட்டு வருகிறார்களாம். ரொம்ப நாள் நிறுத்திவைக்க முடியாது என்றார்.

என் பாஸ்போர்ட் மார்ச்வரை முதலாளியின் அலமாரியில் இருக்கிறது. நான் வர முடியாது. நீ போ. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே போ. ஒரு வார்த்தைதான்.

ஷஹாத்தா


அலெக்ஸாந்திரியா
4 டிசம்பர் 1994

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் வியாழனன்று கிடைத்தது. நீ சொல்வது உண்மையாக இருந்தால் என்னைவிட யாருக்கும் சந்தோஷம் இருக்காது.

ஆனால் யோசித்துப் பார். இது பதினைந்து வருஷத்துக்கு முந்தைய விஷயம். நீயும் அப்போது சின்னப் பையன். மேஸ்திரி ஐந்து தளம் என்று வாய்வார்த்தையாகச் சொன்னது எதுவும் வரைபடத்தில் இல்லை. ஒரு செருப்புக் கதையை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தின் உயிருக்கு நான் உத்தரவாதம் சொல்ல முடியுமா? முதல் தடவை கேட்காமல் சொன்னேன் என்று திட்டினாய். இரண்டாம் தடவை பார்க்காமல் சொல்லச் சொல்கிறாய்.

நான் தோண்டிப் பார்த்துவிட்டே சொல்கிறேன். இரண்டு தூணுக்கு நடுவில் தோண்டினால் போதும். தனிப் பாதமாக இருந்தால் அங்கே வெறும் மண்தான் இருக்கும். ஆனால் 22ஆம் தேதி நூலகத்தைத் தேர்வுக் குழு முன் வைக்க வேண்டும். பதினோரு தாள், ஒரு மாதிரி வடிவம். நஈமா அத்தையின் திட்டை எப்படி வைப்பதென்று இன்னும் முடிவாகவில்லை. அது முடிந்த மறுநாளே கடப்பாரையை எடுக்கிறேன். மூன்று வாரம்தானே அண்ணா. ஆறு வருஷம் காத்திருந்தவர்களுக்கு மூன்று வாரம் பெரிதில்லை.

வஜீஹ்


அலெக்ஸாந்திரியா
30 டிசம்பர் 1994

அண்ணா,

எங்கிருந்து தொடங்குவதென்று தெரியவில்லை. நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

22ஆம் தேதி நூலகத்தை வைத்தேன். எனக்குத்தான் முதல் மதிப்பெண். குழுவின் தலைவர் என் நாற்பது கேள்விகளின் தாளைக் கையில் எடுத்து எல்லாருக்கும் காட்டினார். "இந்தப் பையனுக்குக் கேட்கத் தெரிகிறது. மற்றதெல்லாம் சொல்லிக் கொடுத்துவிடலாம், இதைச் சொல்லிக் கொடுக்க முடியாது" என்றார். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் எனக்கு இனித்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

மறுநாள் ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து, மாடிப்படிக்கு அடியில் ஓடுகளைப் பெயர்த்தேன். சரியாக இரண்டு தூணுக்கு நடுவில். அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், பேசவில்லை. முதலில் மண். பிறகு கருப்புச் சேறு, நாற்றம். இடுப்பளவு இறங்கினேன். இனி ஒன்றும் இல்லை, நான் சொன்னதுதான் சரி என்று நினைத்தேன். ஒரு கணம் அப்படி நினைத்தேன் அண்ணா, அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது. அடுத்த குத்தில் கடப்பாரை கல்லில் பட்டது போல ஒலித்தது. கையெல்லாம் அதிர்ந்தது. கையால் சேற்றை வழித்தேன். காங்கிரீட். சமமாக, வழவழப்பாக, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கை எட்டும்வரை.

"என்னடா அது?" என்றார் அப்பா. ஒன்றரை மாதத்தில் முதல் வார்த்தை.

"அண்ணன் போட்டதுப்பா" என்றேன். குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை ஹாஜியின் கடைக்கு ஓடினேன். ரொட்டி வாங்க வரிசை நின்றது. வரிசையை விலக்கிக்கொண்டு போய், எல்லார் முன்னாலும், "தாங்கும் மாமா, அஞ்சு தளம் தாங்கும், நான் தப்பா சொல்லிட்டேன்" என்றேன். அவர் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்தார்.

"வேற எடத்துல நிச்சயம் பண்ணி, திங்கக்கிழமை ஃபாத்திஹா ஓதிட்டோம்பா" என்றார். "மூணு வாரம் பாத்தேன். நீ தெருவுல போற, வர்ற. என் கடை வாசல்லயே ரொட்டி வாங்கிட்டுப் போற. ஒரு வார்த்த சொல்லல. அப்ப தாங்காதுன்னுதானே அர்த்தம்? அண்ணங்காரன் மனசு நோகக் கூடாதுன்னு வாய மூடிட்டு இருக்கான்னு நெனச்சேன். உன்ன நல்ல புள்ளன்னு நெனச்சேன்."

எனக்கு அது தோன்றவே இல்லை, அண்ணா. நான் பேசாமல் இருப்பதும் ஒரு பதில் என்று தோன்றவே இல்லை. தினமும் அந்தக் கடையில்தான் ரொட்டி வாங்கினேன். கையில் சுருட்டிய தாள்களோடு.

திரும்பும்போது இன்ஸாஃப் பின்கதவில் நின்றாள். முகத்தில் மாவு. அழவில்லை.

"உங்க அண்ணன் போன்ல சொன்னப்பவே நான் நம்பிட்டேன்" என்றாள். "எங்கப்பாவுக்குத்தான் உன் வாய் வேண்டியிருந்துச்சு. நீ ஒவ்வொரு நாளும் வரிசையில நிப்ப. இன்னைக்குச் சொல்லிருவான், இன்னைக்குச் சொல்லிருவான்னு அடுப்புக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டுட்டே இருப்பேன். 'பத்து ரொட்டி'ன்னு சொல்லுவ. அவ்வளவுதான் கேட்கும்."

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அந்த ஜன்னல் எந்தப் பக்கம் வச்ச?" என்று கேட்டாள்.

"தெருப்பக்கம்" என்றேன்.

தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அண்ணா, உன் வார்த்தையை நான் ஏன் நம்பவில்லை என்று இந்த ஒரு வாரமாக யோசிக்கிறேன். மீன் விற்கிற நஈமா அத்தை சொன்னதை ஒன்று விடாமல் நம்பினேன். அவள் எனக்கு ஆய்வு. நீ எனக்குக் கம்பி கட்டுகிறவன். அதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தென்படவில்லை. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

என்ன செய்யச் சொன்னாலும் செய்கிறேன்.

வஜீஹ்


பென்காஸி
20 ஜனவரி 1995

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. ரகீப் அதைக் கையில் கொடுக்கும்போதே தலையைக் குனிந்துகொண்டார். ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

நீ தோண்டிப் பார்த்தது சரிதான். வேலை தெரிந்தவன் அப்படித்தான் செய்வான். தோண்டின இடத்தை நன்றாக இடித்து மூடினாயா? மூடாவிட்டால் புயல் தண்ணீர் இறங்கும்.

உன் மேல் எனக்குக் கோபம் இருந்தது. இந்தக் கடிதத்தைப் படித்ததும் அது போய்விட்டது. அது இருந்த இடத்தில் இப்போது ஒன்றும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் இத்தனை வருஷமாகச் செய்கிற வேலை ஒருவர் கண்ணுக்கும் தெரியாது, வஜீஹ். கம்பியைக் கட்டி முடித்ததும் மேலே காங்கிரீட்டைக் கொட்டி மூடிவிடுவார்கள். அதற்கு மேல் பூச்சு, அதற்கு மேல் வண்ணம். வண்ணம் அடித்தவனைக்கூட நாலு பேர் கேட்பார்கள். என்னை யாரும் கேட்டதில்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை, தொழில் அப்படி. நம் வீட்டில் மட்டும் ஒருத்தனுக்காவது தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது நீதான் என்று நினைத்தேன். செருப்பு உன்னுடையது அல்லவா.

இன்ஸாஃப் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவளுக்கு இருபத்தேழு வயசு. ஆறு வருஷம் என்னோடு ரகீப் கொண்டுவரும் காகிதத்தில் குடும்பம் நடத்தினாள். அவள் கல்யாணத்துக்கு நீயும் அம்மாவும் போய் வாருங்கள். போகாவிட்டால் தெருவில் பேசுவார்கள், பேச்சு அவள் மேல்தான் விழும்.

மார்ச்சில் நான் வரவில்லை. இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்புக்கொண்டுவிட்டேன். அப்பாவிடம் வேலை அதிகம் என்று சொல். மாடியை நீ கட்டிக்கொள், உனக்கும் ஒருநாள் தேவைப்படும். கம்பி எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

கொஞ்ச நாளைக்கு எனக்குக் கடிதம் எழுதாதே. எழுதினாலும் வடிவமைப்பு, சமூகம் என்று எழுதாதே.

ஷஹாத்தா


அலெக்ஸாந்திரியா
10 நவம்பர் 1995

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ எழுதாதே என்றாய். பத்து மாதம் எழுதவில்லை. மூன்று கடிதம் எழுதி வைத்திருக்கிறேன், ரகீபிடம் கொடுக்கவில்லை. இதைக் கொடுக்கலாம் என்று தோன்றியது. இதில் ஒரு கேள்வி இருக்கிறது.

தோண்டின இடத்தை அடுக்கடுக்காக மண் போட்டு இடித்து மூடினேன். போன குளிர்காலத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை.

இன்ஸாஃபின் கல்யாணத்துக்குப் போனோம். அம்மா நீ அனுப்பிய சால்வைகளில் ஒன்றை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இன்ஸாஃப் இப்போது ஊருக்கு மேற்கே இருக்கிறாள். தரைத்தள வீடு என்றார்கள். ஜன்னல் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது.

நூலகத்தை யாரும் கட்டவில்லை. அது மதிப்பெண்ணுக்காக வரைந்தது. நஈமா அத்தை பார்க்கும்போதெல்லாம், "என்ன இன்ஜினியர், என் திட்டு எங்க?" என்கிறாள். நான் இன்ஜினியர் இல்லை அத்தை, மாணவன் என்கிறேன். "எல்லாம் ஒண்ணுதான்" என்கிறாள். ஒன்று இல்லை என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? சுவரில் ஒட்டியிருந்த என் வரியைக் கிழித்துவிட்டேன். வரி தப்பில்லை, அதை ஒட்டினவனுக்கு அருகதை இல்லை.

கோடை விடுமுறையில் மற்றவர்கள் அலுவலகங்களுக்குப் பயிற்சிக்குப் போனார்கள். நான் ஒரு கம்பி கட்டும் கூட்டத்தோடு போனேன். முதல் வாரம் என்னை நாற்காலியில் உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார்கள். இரண்டாம் வாரம் கெஞ்சிக் கேட்ட பிறகு கட்டுக்கம்பி முறுக்கும் கொக்கியைக் கையில் கொடுத்தார்கள். என் முடிச்சு எல்லாம் அவிழ்ந்துவிடுகிறது. ஒருவர் சிரித்துக்கொண்டே, "உனக்கு எழுதுற கைய்யா, இது வராது" என்றார். நீ சொன்னது சரிதான், விரல் நுனி மரத்துவிடுகிறது. இரண்டு மாதத்திலேயே.

மாடியை நான் கட்டிக்கொள்ள மாட்டேன். அதை மறுபடி எழுதாதே. உன் மாடியின் வரைபடத்தை முடித்து வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தோடு அனுப்பலாமா என்று பார்த்தேன், மனம் வரவில்லை.

இன்று வெள்ளி. துடைப்பப் புயலுக்கு இன்னும் சில நாள்தான். அப்பா காலையிலேயே வாளியையும் தூரிகையையும் எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டார். நீ இரண்டு வருஷத்துக்கு வரமாட்டாய் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். அதற்கு மேல் சொல்லவில்லை. இந்த வருஷம் அவருக்குக் கை நடுங்குகிறது, அதனால் நானும் போனேன். அவர் துடைக்க, நான் பூசினேன். ஐம்பத்து நான்கு கம்பி. நடுத்தூணுக்கு வரும்போது அவர் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஏண்டா வஜீஹ், வருஷா வருஷம் இப்படிப் பூசிட்டே இருந்தா இந்தக் கம்பி இன்னும் எத்தன வருஷம் தாங்கும்?" என்று கேட்டார்.

எனக்கு விடை தெரியும், அண்ணா. புத்தகத்தில் இருக்கிறது. கடற்காற்று, உப்பு, கம்பியின் பருமன் எல்லாம் போட்டால் ஒரு எண் வரும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"அண்ணனைக் கேக்கணும்ப்பா" என்றேன்.

அவர், "சரி, கேட்டு எழுது" என்று சொல்லிவிட்டு அடுத்த கம்பியைத் துடைக்கப் போய்விட்டார். மேலேயிருந்து இறங்கி வந்த கையோடு இதை எழுதுகிறேன். காகிதத்தில் சிமென்ட் படிந்திருந்தால் அதுதான் காரணம்.

எத்தனை வருஷம் தாங்கும், அண்ணா?

வஜீஹ்